இசை நாடகம் திரைப்படமானபோது: தமிழ் மேடையின் சீட்டு வசூலும் பேசும் படமும்

முன்னுரை

மேடையில் நடந்துவரும் ஓர் இசை நாடகத்தைப் படம்பிடித்துத் திரையரங்குகளில் வெளியிட்டால், மேடையின் நுழைவுச்சீட்டு விற்பனை குறையுமா, பெருகுமா என்னும் வினா இன்று மேலைநாட்டு அரங்கினரிடையே பெரிதும் விவாதிக்கப்படுகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 டிசம்பரிலும், லண்டனின் நேஷனல் தியேட்டர் 2009 ஜூனிலும் தம் நிகழ்ச்சிகளைத் திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கின. 2016இல் மேடையிலேயே படமாக்கப்பெற்ற ‘ஹாமில்டன்’ இசை நாடகம் 2020இல் இணையவழியாகவும் 2025இல் அமெரிக்கத் திரையரங்குகள் வழியாகவும் மக்களைச் சென்றடைந்தது. நேஷனல் தியேட்டரின் ஒளிபரப்பை ஆராய்ந்த பிரித்தானிய நெஸ்டா நிறுவனத்தார், அதனால் அரங்கிற்கு வருவோர் தொகை குறையவில்லை என்று கண்டனர். எனினும் அரங்கினரின் அச்சம் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

இவ்வினா தமிழ் மேடையின்முன் எழுந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே மேலைநாட்டு ஒளிபரப்புகள் தொடங்கின. 1931இல் தமிழ் பேசும் படம் பிறந்தபோது அதற்கெனத் தனிக்கதை இல்லை, தனிநடிகர் இல்லை, பாட்டும் மெட்டும் இசை நாடக மேடையினுடையவையே. ‘சினிமா நாடகத்தை அழித்தது’ என்னும் கூற்று அன்றுமுதல் நாடகக் கலைஞர்தம் பேச்சிலும் எழுத்திலும் வழங்கிவருகிறது. அக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை, நாடகம் பணம் ஈட்டிய முறைகளை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கம்பெனி நாடகத்தின் வருவாய் முறை

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தில் உருப்பெற்ற தமிழ் இசை நாடகம் இரு வகையான அமைப்புகளால் நடத்தப்பட்டது. ஒன்று, சிறுவர்களைப் பயிற்றி நடிக்கவைத்த ‘பாய்ஸ் கம்பெனி’. மற்றொன்று, பல ஊர் நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்து ஓரிரவுக்கு ஒன்றுசேர்க்கும் ‘ஸ்பெஷல் நாடகம்’. பின்னதில் ஒத்திகை இல்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா முதலிய நாடகங்களின் பாடல்களும் உரையாடல்களும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தமையால், முன்பின் அறியாதவர்களும் ஒரே மேடையில் வள்ளியாகவும் வேலனாகவும் நிற்க முடிந்தது.

கம்பெனியின் செலவு நிலையானது. நடிகச் சிறுவர்களுக்கு உணவும் உறைவிடமும் தருதல், ஆசிரியர்களுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் ஊதியம் அளித்தல், திரைச்சீலைகளையும் உடைகளையும் ஊர்விட்டு ஊர் ரயிலில் கொண்டுசெல்லுதல் ஆகியன நாடகம் நடந்தாலும் நடவாவிட்டாலும் தொடர்ந்தன. வருவாயோ ஒன்றே: தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என வகுக்கப்பட்ட சீட்டுகளின் விற்பனை. ஆகவே ஓர் ஊரில் முகாமிட்ட கம்பெனி, வசூல் நல்ல நிலையில் இருக்கும்வரை அங்கேயே மாதக்கணக்கில் தங்கி நாடகங்களை மாற்றி மாற்றி நடத்தியது. வசூல் குன்றியதும் அடுத்த ஊருக்குப் பெயர்ந்தது. இலங்கையும் மலாயாவும் பர்மாவும் இப்பயண வட்டத்துள் அடங்கியவை. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் முதன்முதலாக இணைந்து நடித்தது கொழும்பு மேடையில் என்பது இவ்வட்டத்தின் விரிவைக் காட்டும்.

இம்முறையில் ஒரு நலிவு மறைந்திருந்தது. ஒரு கம்பெனி ஓரிரவில் ஓர் ஊரில் மட்டுமே நடிக்க இயலும். மழையோ கொள்ளைநோயோ வேறொரு கேளிக்கையோ அவ்வூரின் தரைச்சீட்டு வாங்குவோரை ஈர்த்துக்கொண்டால், அன்றைய செலவை ஈடுசெய்ய வேறு வழியில்லை.

மேடை திரைக்குச் சென்ற விதம்

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையில் புகழ்பெற்றவர். அவரே நடித்த ‘வள்ளி திருமணம்’ 1933இல் பெருவெற்றி கண்டது. மேடையில் ‘பவளக்கொடி’யில் இணைந்து நடித்துவந்த எம். கே. தியாகராஜ பாகவதரையும் எஸ். டி. சுப்புலட்சுமியையும் கொண்டே கே. சுப்ரமணியம் 1934இல் அதனைப் படமாக்கினார். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களும், டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையேற்றிவந்த ‘மேனகா’வும் (1935), பாய்ஸ் கம்பெனி மேடைகளில் நடந்த ‘சந்திரகாந்தா’வும் (1936) அடுத்தடுத்துத் திரைக்கு வந்தன.

இப்படங்களைக் கண்டோர் ஒரு நாடகத்தைக் கண்ட உணர்வையே பெற்றிருப்பர். காமிரா பெரும்பாலும் அரங்கின் முன்வரிசைப் பார்வையாளரைப்போல அசையாதிருந்தது. பாடல்கள் பல பத்துகளாக எண்ணப்பட்டன. கதைக்கு வெளியே நின்ற நகைச்சுவைக் காட்சிகளும் அப்படியே இடம்பெற்றன. ஆயின் சீட்டு வாங்குபவரின் நோக்கில் வேறுபாடு பெரிது. நாடகம் இரவு உணவுக்குப்பின் தொடங்கி விடியும்வரை நீண்டது. படமோ சில மணி நேரத்தில் முடிந்தது. ஒரே நாளில் பலமுறை காட்டப்பட்டது. பல பிரதிகள் வாயிலாகப் பல ஊர்களில் ஒரே வேளையில் ஓடியது. கிட்டப்பாவைக் காண அவர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பாகவதரைத் திரையில் காண டூரிங் டாக்கீஸ் கூடாரமே போதுமானதாயிற்று.

கடல்கடந்த ஊர்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாக விளங்கியது. ஒரு நாடகக் குழுவைக் கொழும்புக்கோ பினாங்குக்கோ அழைப்பதற்குக் கப்பற்கட்டணம், தங்குமிடம், பலநாள் உணவு ஆகிய அனைத்தையும் ஒப்பந்தக்காரர் முன்னதாகவே ஏற்க வேண்டும். படச்சுருள் பெட்டிக்கு இவை எவையும் தேவையில்லை.

கதை எவருக்கு உரியது?

திரையாக்கத்தால் கம்பெனிகள் எய்திய நன்மை குறைவாக இருந்தமைக்கு உரிமைச் சிக்கல் ஒரு முதன்மைக் காரணம். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. பாட்டுப் புத்தகங்களாக அச்சிடப்பட்டுச் சிறு விலைக்கு விற்கப்பட்டவை. அவற்றைப் படமாக்கியவர் எந்தக் கம்பெனிக்கும் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. எந்த வள்ளி திருமணத்தை நடத்திக் கம்பெனிகள் பிழைத்தனவோ, அந்த வள்ளி திருமணமே அவற்றின் போட்டியாக எதிர்க்கொட்டகையில் ஓடியது.

புதிதாக எழுதப்பட்ட சமூக நாடகங்களிலும் நிலைமை தெளிவாக இருக்கவில்லை. தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘பதிபக்தி’ மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் வெற்றி நாடகம். அது 1936இல் படமாகிக்கொண்டிருந்தபோதே, எஸ். எஸ். வாசனின் தொடர்கதையை ஒட்டி எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யும் உருவானது. இரண்டிலும் குடிப்பழக்கத்தால் சீரழியும் குடும்பமே கதை. வழக்கு நீதிமன்றம் சென்றது. இரண்டிற்கும் மூலம் ஹென்றி உட் அம்மையாரின் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்னும் ஆங்கில நாவலே என்று வாசன் எடுத்துரைத்தார். ஒரு கம்பெனி ஆண்டுக்கணக்கில் உழைத்து மக்களிடம் பழக்கிய கதையைத் தன் உடைமையென நிலைநாட்டுவது எத்துணைக் கடினம் என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

நடிகரின் மதிப்பும் கம்பெனியின் இழப்பும்

திரைப்படத்தால் பெரும்பயன் எய்தியவர்கள் தனிநடிகர்களே. கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்த பின் மேடையைவிட்டு விலகியிருந்த சுந்தராம்பாளை, 1935இல் வெளியான ‘நந்தனார்’ படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தந்து அழைத்தனர். படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆயினும் ஒரு மேடைக் குரலுக்குத் திரை தரக்கூடிய விலை இன்னதென்பதை நாடக உலகம் முழுவதும் அறிந்துகொண்டது.

பாய்ஸ் கம்பெனி முறையின் அடித்தளத்தை இது தாக்கியது. சிறுவயதில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பாட்டும் வசனமும் பயிற்றி, அவன் கதாநாயகனாக வசூல் ஈட்டும் பருவத்தில் செலவை மீட்பதே கம்பெனியின் கணக்கு. பி. யு. சின்னப்பா, எம். ஜி. இராமச்சந்திரன், என். எஸ். கிருஷ்ணன், காளி என். ரத்தினம் முதலியோர் அப்பருவத்தில் திரைக்குச் சென்றனர். கற்பித்த செலவு கம்பெனிக்கும் கற்றதன் பயன் திரைக்கும் உரியதாயிற்று. நாடகக் கொட்டகைகள் பல திரைப்படக் கொட்டகைகளாக மாறியமையால், முகாமிட ஏற்ற இடங்களும் அருகின. ஆகவே படமாக்கப்பட்ட நாடகத்தின் சீட்டு விற்பனை குறைந்ததைக் காட்டிலும், நடிகரையும் கொட்டகையையும் இழந்ததே கம்பெனிகளைப் பெரிதும் வருத்தியது எனலாம்.

திரை மேடைக்குத் தந்த கூட்டம்

இதற்கு மாறான சான்றுகளும் உண்டு. 1940களில் டி. கே. எஸ். சகோதரர்களும் கே. ஆர். ராமசாமியின் குழுவினரும் பிறரும் மேடைக்குப் புத்துயிர் ஊட்டினர். 1944இல் ஈரோட்டில் கூடிய தமிழ் மாகாண நாடகக் கலை மாநாடு அவ்வெழுச்சியின் அடையாளம். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்த நாடகம் அவருக்கு ‘அவ்வை சண்முகம்’ என்னும் பெயரையே ஈட்டித்தந்தது. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ படத்தில் சுந்தராம்பாள் நடித்துப் பெரும்புகழ் பெற்றார். அதன் பின்னும் சண்முகத்தின் பெயரிலிருந்து ‘அவ்வை’ நீங்கவில்லை.

இன்னும் தெளிவான சான்று எம். ஆர். ராதாவின் ‘இரத்தக்கண்ணீர்’. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இந்நாடகம் மேடையில் பெயர்பெற்ற பின்னர் 1954இல் படமாயிற்று. படம் ஊரெங்கும் ஓடிய பின்னரும் ராதா அதனை மேடையில் நடித்துவந்தார். மக்கள் சீட்டு வாங்கி வந்தனர். திரையில் மாறாதிருந்த வசனம், மேடையில் அன்றாட அரசியலுக்கும் அவையோரின் கூச்சலுக்கும் ஏற்ப மாறியது. படத்தைக் கண்டவர் மேடையில் எதிர்பார்த்தது அந்த மாற்றத்தையே. சிவாஜி கணேசனின் குழுவினர் 1957 முதல் நூறுமுறைக்குமேல் நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகம் 1959இல் பி. ஆர். பந்துலுவின் படமானது. இங்கு மேடை திரைக்கு முன்னோட்டமாகவும், திரைநடிகரின் புகழ் மேடைக்கு விளம்பரமாகவும் அமைந்தன.

இவற்றிடையே ஒரு பொதுமை காணப்படுகிறது. நாடகத்தை மேடையில் நடத்தியவரே திரையிலும் தோன்றியபோது, அல்லது அந்நாடகம் அவர் பெயரோடு பிரிக்க முடியாதவாறு இணைந்திருந்தபோது, படம் மேடைக்குக் கூட்டம் சேர்த்தது. கதை பொதுவுடைமையாகவும் நடிகர் வேறொருவராகவும் இருந்தபோது, படம் மேடையின் கூட்டத்தைக் கவர்ந்துகொண்டது.

சீட்டு விற்காத நாடகம்

மிகுதியாகப் படமாக்கப்பட்ட நாடகங்களே இன்றளவும் மேடையில் மிகுதியாக நடிக்கப்படுகின்றன என்பது இவ்வரலாற்றின் முரண். மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் கோயில் திருவிழாக்களில் விடியவிடிய நடைபெறுகின்றன. 1923இல் மதுரையில் தோன்றிய நடிகர் சங்கமும், அதன்பின் பிற ஊர்களில் எழுந்த சங்கங்களும் இந்நடிகர்களைப் பதிவுசெய்து காத்துவருகின்றன. அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் இம்மரபை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இந்நாடகங்களுக்கு நுழைவுச்சீட்டு இல்லை. ஊரார் தலைக்கட்டு வரி பிரித்து, ஏஜெண்டு வழியாக நடிகர்களுக்குக் கூலி பேசிவிடுகின்றனர். கூட்டம் கூடினாலும் கூடாவிட்டாலும் நடிகரின் கூலி மாறாது. நாடகம் அம்மனுக்கோ அய்யனாருக்கோ செலுத்தும் நேர்த்தி. அதற்கு மாற்றாக ஒரு படத்தைத் திரையிட்டால் அந்நேர்த்தி நிறைவேறியதாகாது. சீட்டு விற்பனையை நம்பிய கம்பெனி மறைந்து, அதனை நம்பாத ஸ்பெஷல் நாடகம் நிலைத்தமைக்கு இதுவே காரணம்.

யாழ்ப்பாணத்து வரலாறும் இதனை உறுதிசெய்கிறது. தமிழகக் குழுக்களின் வருகையால் அங்கு வேரூன்றிய இசை நாடகம் ‘கொட்டகைக்கூத்து’ எனவும் ‘டிறாமா மோடி’ எனவும் வழங்கியது. திரைப்படம் பெருகிய பின் தமிழகக் குழுக்களின் வரவு ஓய்ந்தது, கலை ஓயவில்லை. அரிச்சந்திரன் கதை 1932 முதல் 1968 வரை தமிழில் பலமுறை திரைக்கு வந்துள்ளது. அக்காலத்திற்கு உள்ளும் பின்னும் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989), தம் வசந்த கான சபா வாயிலாக ‘மயான காண்ட’த்தை ஆயிரக்கணக்கான முறை மேடையேற்றினார். கோயில் முற்றங்களில் கூடிய மக்கள் கதையின் முடிவை அறியாதவர்கள் அல்லர். அறிந்த பாட்டை அன்றிரவு வைரமுத்து எவ்வாறு பாடுவார் என்று கேட்கவே வந்தனர்.

முடிவுரை

‘சினிமா நாடகத்தை அழித்தது’ என்னும் கூற்று பாதி உண்மையே. பேசும் படம் அழித்தது சீட்டு வசூலை மட்டுமே நம்பி, பெருஞ்செலவில் ஊர்ஊராகச் சென்ற கம்பெனி அமைப்பினை. நடிகரின் தனித்தன்மையில் ஊன்றிய நாடகத்திற்கு அது கூட்டம் சேர்த்தது. ஊரார் பொதுப்பணத்தால் நடத்திய நாடகத்தை அதனால் தீண்ட முடியவில்லை.

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளில் நாடகம் நடத்துவோருக்கும் இதிலிருந்து பெறத்தக்க படிப்பினை உண்டு. நாடகத்தைப் பதிவுசெய்து வெளியிடலாமா என்று தயங்கும் குழு, ‘பதிவு எத்தனை சீட்டுகளைப் பறிக்கும்’ என்று கேட்பதோடு அமைதல் தகாது. பதிவின் உரிமை எவரிடம் இருக்கும், அதன் வருவாயில் நடிகருக்கும் குழுவுக்கும் பங்கு உண்டா, மேடைக்கு வருபவர் பதிவில் கிட்டாத எதனைப் பெறுவார் என்னும் மூன்றையும் முன்னதாகவே தெளிந்துகொள்ள வேண்டும். 1930களின் கம்பெனிகளுக்கு இம்மூன்றையும் கேட்க வாய்ப்பும் இல்லை. கேட்டாலும் மறுமொழி தர அன்று எந்தச் சட்டமும் சங்கமும் அவர்கள் பக்கம் வலுவாக நிற்கவில்லை.