அந்தமான் தீவுகளில் மருத்துவ வினாப்படிவம்

தொலைநிலங்களில் பணியாற்றும் அதிகாரிகளும் பயணிகளும் அங்குள்ள மக்களைப் பற்றி எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்று வகுத்துரைக்கும் கையேடு ஒன்றை 1874-இல் அறிவியல் வளர்ச்சிக்கான பிரிட்டிஷ் சங்கம் வெளியிட, போர்ட் பிளேர் கைதிக் குடியிருப்பின் அதிகாரியான எட்வர்டு ஹொரேஸ் மேன், அதன் தலைப்புகளைத் தழுவியே அந்தமானியரைப் பற்றிய தம் நீண்ட ஆய்வை 1880களின் தொடக்கத்தில் எழுதினார். உடல்வாகு, நோய், மருந்து எல்லாம் அதில் இடம்பெற்றன. ஆனால் விடைகளை எழுதியவர் அதிகாரியே அன்றி, 1877-இல் தட்டம்மை வாரிக்கொண்டு போன அந்த மக்கள் அல்லர். தீவுகளில் மருத்துவத் தரவு திரட்டப்பட்ட வரலாற்றை, படிவத்தில் யாருடைய சொல் பதிவாயிற்று என்ற கேள்வியோடுதான் படிக்க வேண்டும்.

எஸ். ஆர். கிறிஸ்டோஃபர்ஸ் அந்தமான் மலேரியா பற்றிய தம் அறிக்கையை வெளியிட்ட 1912-ஆம் ஆண்டளவில், நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் கணிக்கும் ‘மண்ணீரல் வீதம்’ அந்நோயின் பரவலுக்குப் போதிய சான்றாகக் கொள்ளப்பட்டது; அதற்கு நோயாளியிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

மாறாக, நோயாளியின் வாய்மொழி இன்றியமையாததானதை வடக்கு அந்தமானின் டிக்லிபூரில் காணலாம். 1988 முதல் அப்பகுதியில் மழைக்காலத்தை ஒட்டிக் காய்ச்சலும் இரத்தக்கசிவும் கண்டு பலர் நோயுற, காரணம் அறியப்படாமல் அது ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே வழங்கிவந்தது; 1983-இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்ட வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம், 1993-இல் பரவிய நோயை ஆராய்ந்து அது எலிக்காய்ச்சல் என்று கண்டது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வாழ்ந்து, தோலின் வெடிப்பு வழியே உடலுக்குள் புகும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரே இதற்குக் காரணம். தொற்று உண்டா என்பதை இரத்தம் சொல்லிவிடும். எங்கே தொற்றியது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். காலில் வெடிப்போடு வயல் சேற்றில் இறங்கினாரா, மாட்டுக்கொட்டிலைக் கழுவியவர் யார், தேங்கிய நீரில் குளித்தாரா என்பன போன்ற எளிய கேள்விகளே நோய் வந்த வழியைக் காட்டுகின்றன.

விடைகளைப் பதியும் கருவியும் பின்னர் மாறியது: அந்தமான் நிக்கோபார் உள்ளிட்ட ஒன்றியப் பகுதிகள் அனைத்தையும் முதன்முறையாக உட்படுத்திய நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வில் (2015–16) தாளின் இடத்துக்குச் சிறு கணினி வந்தது. கேட்டவர் அப்போதும் நேரில் அமர்ந்திருந்த மனிதரே. ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்த இணைப்பைத் திறந்து தாமே நிரப்பும் இணைய வினாப்படிவத்துக்கோ, செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையை நம்பியிருந்த தீவுகள் நெடுங்காலம் ஏற்ற இடமாக இல்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்துக்கு இடப்பட்ட கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டு 10-இல் தொடங்கிவைக்கப்பட்ட பின்னரே, போர்ட் பிளேரிலும் கார் நிக்கோபார், கமோர்ட்டா போன்ற தொலைதீவுகளிலும் அதற்கு வழி பிறந்தது.

விடையளிக்க முன்வருவோர் மொத்த மக்களிலிருந்து வேறுபட்டவர்களாக இருப்பதால் முடிவு ஒருபுறம் சாய்ந்துவிடுவதை ஆய்வாளர்கள் ‘தேர்வுச் சாய்வு’ என்பர். எலிக்காய்ச்சலுக்கு எளிதில் ஆளாகும் வயல் தொழிலாளியைவிட, தலைநகரின் அலுவலக ஊழியரே அந்த இணைப்பைத் திறக்க வாய்ப்பு மிகுதி என்பதால் இங்கே அது சிறிய குறை அன்று. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி வழங்கும் ஊர்களில் ஆங்கிலப் படிவம் பலரை வாசலிலேயே நிறுத்திவிடும். 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் காக்கும் ஜாரவா, ஒங்கே முதலிய பழங்குடியினரை அது எட்டாது, எட்டவும் கூடாது. மற்றவர்களைப் பொறுத்தவரை, 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஓப்பன் டேட்டா கிட்’ போன்ற மென்பொருள்களே தீவுகளின் நிலைமைக்கு மிகவும் பொருந்துகின்றன. அலைபேசிக் கோபுரம் இல்லாத ஊரிலும் களப்பணியாளர் கேள்வியை உரியவரின் மொழியில் வாய்விட்டுக் கேட்டு, விடையைக் கருவியில் சேமித்துவைத்து, இணையம் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிட முடிகிறது.