இரண்டு கன்னிமாராக்கள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய பகுதிகளில் வாழும் நம்மவரிடம் "நேற்று கன்னிமாராவுக்குப் போயிருந்தேன்" என்று சொன்னால், எழும்பூரிலுள்ள நூலகத்தைத்தான் எவரும் நினைப்பர். அதே பெயரில், அண்ணா சாலையை ஒட்டிய பின்னி சாலையில் ஒரு விடுதி இருப்பதும், அது நூலகத்துக்கு 42 ஆண்டுகள் மூத்தது என்பதும் பலர் நினைவில் எழுவதில்லை. நூலகத்தில் நான் கழித்த பகல்களுக்குக் கணக்கில்லை. விடுதியில் கழித்தது ஒரே ஓர் இரவு. என் மணிவிழாவை முன்னிட்டு, வெளிநாட்டில் வாழும் மகள் எங்கள் இருவருக்கும் அங்கே அறை பதிவு செய்து, பணமும் கட்டிவிட்டாள். அதனால் போக நேர்ந்தது.

வரவேற்பு மேசையில் முகவரி எழுதச் சொன்னார்கள். "கிழக்குத் தாம்பரம்" என்று எழுதினேன். அங்கிருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "தாம்பரமா சார்? பக்கத்திலேதானே!" என்று வியந்தாள். விடை சொன்னவள் என் மனைவி: "முப்பது வருஷமா பஸ்ல போறப்போ வெளியிலேருந்தே பார்த்துட்டோம்மா. ஒரு நாள் உள்ளேருந்து பார்க்கலாம்னு." அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். உயர்ந்த மேற்கூரையும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட அவ்விடத்தில் எனக்கு உறக்கம் வரவில்லை. மெத்தை குறையன்று, இக்கதவை முதன்முதல் திறந்தவர் யார் என்ற கேள்விதான் உறங்கவிடவில்லை. அக்கேள்வியைத் தொடர்ந்து நான் திரட்டியவற்றையே நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்குத் தருகிறேன்.

கதவைத் திறந்தவர் ஒரு தமிழர். 1854-ஆம் ஆண்டு, டி. இரத்தினவேலு முதலியார் என்பவர் 'இம்பீரியல் ஹோட்டல்' என்னும் பெயரில் இவ்விடுதியைத் தொடங்கினார். அந்த நிலம் அதற்கு முன்பு, பின்னி வணிக நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜான் பின்னியின் உடைமையாக இருந்தது. சாலைக்குப் பின்னியின் பெயர் நிலைத்தது அவ்வாறே. 1854 என்ற ஆண்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். அப்போது நாட்டை ஆண்டது கும்பினி. இராயபுரத்திலிருந்து முதல் இரயில் புறப்படுவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, வெள்ளையர் மசூலாப் படகுகளில் ஏறி, அலையில் நனைந்து, படகோட்டிகளின் தோளைப் பற்றிக் கரை சேர்வர். கஞ்சத்திலிருந்து திருநெல்வேலி வரை பரந்த ஒரு மாகாணத்தின் தலைநகரம் தன் விருந்தினரை வரவேற்ற முறை அது. அறிமுகக் கடிதம் உடையவர் தெரிந்த துரையின் தோட்டமாளிகையில் தங்குவார். அது இல்லாதவர் பாடு திண்டாட்டம். அந்தத் திண்டாட்டத்தில் ஒரு வணிகம் இருக்கிறது என்று கண்டவர் முதலியார்.

இது சிறிய துணிவன்று. தங்குமிடம் என்றால் நம்மவர் அறிந்தது சத்திரம். சத்திரம் அறம், விடுதி வணிகம். சத்திரத்தில் காசு கேட்கமாட்டார்கள், சாதி கேட்பார்கள். விடுதியில் சாதி கேட்கமாட்டார்கள், காசு கேட்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நிறமும் பார்த்தார்கள். சோற்றுக்கு வேலி போட்டிருந்த அச்சமூகத்திலிருந்து ஒருவர் புறப்பட்டு, வெள்ளையருக்குப் படுக்கை விரித்து, அவர்கள் உண்பதையெல்லாம் சமைத்துப் பரிமாற ஏற்பாடு செய்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பெயரையும் 'இம்பீரியல்' என்று வைத்தார். வாடிக்கையாளர் எதைக் கேட்க விரும்புவர் என்பது துபாஷிகள் வாழ்ந்த பட்டணத்து வணிகருக்குத் தெரியாதா என்ன?

சமையற்கட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. அக்காலச் சென்னையில் ஆங்கிலேயரின் அடுக்களையில் வேலை செய்தவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். மாட்டிறைச்சியைத் தொடமாட்டோம் என்ற மேற்சாதியார் ஒதுங்கிய இடத்தில் அவர்கள் நுழைந்தனர். நம் மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' என்னும் சூப்பாகி உலகம் சுற்றியது அத்தகைய அடுக்களைகளிலிருந்துதான். சத்திரத்துப் பந்தியில் உட்கார இடம் பெறாத கைகள் ஆளுநர்களின் மேசைக்குச் சமைத்தன. பெரிய விடுதிகளின் வரலாறு எழுதுவோர் தங்கியவர் பட்டியலைத் தருகிறார்கள். சமைத்தவர் பட்டியலைத் தருவதில்லை.

பெயர்க் கதைக்கு வருவோம். 1886-இல் இம்பீரியல், 'ஆல்பனி' ஆயிற்று. 1890-இல் ஆல்பனி, 'கன்னிமாரா' ஆயிற்று. 1891-இல் ஸ்பென்சர் நிறுவன உரிமையாளர் யூஜின் ஓக்‌ஷாட் விடுதியை விலைக்கு வாங்கினார். இரத்தினவேலு முதலியார் தொடங்கிய இடம் வெள்ளை வணிக நிறுவனம் ஒன்றன் உடைமையாயிற்று.

கன்னிமாரா என்ற பெயர் தமிழ் நாவில் எளிதாக அமர்ந்துகொண்டது வியப்பு. ஏரிக்கரைதோறும் ஏழு கன்னிமார்க்குப் பொங்கலிடும் நாட்டில் அமராமல் என்ன செய்யும்? என் பாட்டி அதை ஏதோ கன்னிமார் கோயில் என்றே கடைசிவரை நம்பினாள். உண்மையில் அது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்திலுள்ள ஒரு நிலப்பகுதி. ஐரிஷ் மொழியில் அப்பெயரின் பிற்பகுதிக்குக் 'கடலின்' என்று பொருள். முற்பகுதி ஒரு பழங்குடியின் பெயர். ஆக, 'கடலோரத்துக் குடியினர்' என்பதே கன்னிமாரா.

ராபர்ட் பர்க் 1886-இல் சென்னை ஆளுநராக வந்தபோது அவருக்கு அப்பட்டம் இல்லை. 1887-இல்தான் 'கன்னிமாரா பிரபு' ஆனார். அந்தமானில் 1872-இல் கொலையுண்ட அரசப் பிரதிநிதி மேயோ பிரபு இவருடைய தமையன். இவருடைய மனைவி சூசன், தலைமை ஆளுநராயிருந்த டல்ஹௌசியின் மகள். இத்தனை பெரிய இடத்துத் திருமணம் முறிந்தது. கணவரோடு பிணங்கிய சீமாட்டி அரசினர் மாளிகையை விட்டு வெளியேறி இவ்விடுதியில் வந்து தங்கினார் என்பது ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை. பதிவாகி நிற்பது இவ்வளவு: 1890 நவம்பரில் மணவிலக்கு ஆயிற்று, அவ்வாண்டு முடியுமுன் ஆளுநர் பதவி துறந்து ஊர் திரும்பினார், சீமாட்டி பின்னர் பிரிக்ஸ் என்னும் மருத்துவரை மணந்தார். ஆளுநர் பதவி விலகிய ஆண்டும் விடுதி அவர் பெயரைச் சூடிய ஆண்டும் ஒன்றே. கணவரின் பெயரைத் தாங்கிய விடுதியில் இன்று ஒரு மதுக்கூடம் 'சீமாட்டி கன்னிமாரா' என்று அழைக்கப்படுகிறது. 1902-இல் பிரபு மறைந்தபோது வாரிசின்றி அப்பட்டமும் மறைந்தது. பட்டம் போனது, பெயர் சென்னையில் தங்கிவிட்டது.

தங்கியது ஓரிடத்தில் அன்று, ஈரிடத்தில். பதவியிலிருந்து விலகும் ஆண்டில், 1890 மார்ச் 22 அன்று, எழும்பூரில் ஒரு பொது நூலகத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5 அன்று அது திறக்கப்பட்டது. வரைந்தவர் ஹென்றி இர்வின். கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். விடுதியைத் தொடங்கியவரும் தமிழ்நாட்டு வணிகர், நூலகத்தைக் கட்டியவரும் சென்னை ஒப்பந்தக்காரர். இரண்டின் நெற்றியிலும் இருப்பது நாலே ஆண்டு இங்கிருந்த ஒருவரின் பட்டம். இதை எழுதுவதில் எனக்குச் சினமில்லை. ஆனால், இரத்தினவேலு முதலியார் என்ற பெயரைச் சென்னையில் எத்தனை பேர் அறிவர் என்று கேட்காமல் இருக்க இயலவில்லை.

ஓக்‌ஷாட்டின் கையில் ஸ்பென்சர் ஒரு பேரரசாகவே வளர்ந்தது. 1895-இல் விடுதிக்கு அருகே மவுண்ட் ரோட்டில் சிவந்த கோபுரங்களுடன் அதன் பெருங்கடை எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் தீக்கிரையான அக்கட்டடத்தை நம்முள் மூத்தவர் பார்த்திருப்பர். தென்னிந்திய இரயில்வேயின் சிற்றுண்டி அறைகளையும் உணவுப் பெட்டிகளையும் நடத்தியதும் ஸ்பென்சரே. 1914 முதல் எழும்பூருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய போட் மெயில், கொழும்பிலிருந்து வந்த பயணிகளைத் தாம்பரத்தின் வழியேதான் கொண்டுவந்தது. அவர்கள் எழும்பூரில் இறங்கி, வண்டி பிடித்து, மவுண்ட் ரோடு விடுதிகளுக்குச் சென்றனர். நம் ஊர் அவர்களுக்குச் சன்னலுக்கு வெளியே கழிந்த ஒரு நிலையம்.

இரயில் நிலையங்களைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நிலையத்து உணவகங்களில் பிராமணருக்கென்று தனியிடம் ஒதுக்கும் வழக்கம், பெரியாரின் தொடர்ந்த கிளர்ச்சிக்குப் பின் 1941-இல்தான் கைவிடப்பட்டது. அதுவரை சத்திரத்தின் வேலி இரயிலிலும் கூடவே பயணம் செய்தது.

மவுண்ட் ரோடு விடுதிக்காரருள் நம் பகுதிக்கு உரிமையுடன் வந்தவர் ஒருவர் உண்டு. கோர்சிகாத் தீவினரான ஜாக்கமோ தாஞ்சலிஸ், அதே சாலையில் வேறொரு பெயர்பெற்ற விடுதியை நடத்தியவர். விமானப் பைத்தியம் பிடித்து, தாமே ஒன்றை வடிவமைத்து, சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டச் செய்து, 1910-இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டுச் சோதித்தார். பின்னரே தீவுத்திடலில் கட்டணம் வைத்து ஊராருக்குக் காட்டினார். சென்னை வானில் முதன்முதல் பறந்தவர் ஓர் ஓட்டல்காரர் என்பதும், அவர் தரையைவிட்டு எழுந்த இடம் நம் பல்லாவரம் என்பதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்திகள்.

கன்னிமாராவின் இன்றைய முகம் 1930-களில் அமைந்தது. பழைய கட்டடத்தைப் பெரிதும் மாற்றி, 'ஆர்ட் டெக்கோ' எனப்படும் அக்காலப் புதுப்பாணியில், நேர்கோடுகளும் வளைமுகங்களுமாகச் சமைத்து, 1937-இல் மீண்டும் திறந்தனர். 1937! அந்த ஆண்டைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் நெருக்குண்ட கிறித்தவக் கல்லூரி, சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்ததும் 1937-இல்தான். சவுரிமுத்து மருத்துவர் 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய் மருத்துவமனையை அரசு ஏற்றுக்கொண்டதும் 1937-இல்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் 1931-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. தலைநகரின் நடுவே செல்வர் தங்கும் இடம் புதுப்பொலிவு பெற்ற அதே ஆண்டில், அதன் தென்கோடியில் மாணவரும் நோயாளரும் தங்கும் இடங்கள் வேர்விட்டன. மறு ஆண்டு, 1938 டிசம்பரில், அனைத்துலகக் கிறித்தவ மறைபரப்பு மன்றத்தின் மாநாடு கூடியது. பற்பல நாடுகளிலிருந்து நானூற்றுக்கு மேற்பட்டோர் வந்து குழுமிய இடம் மவுண்ட் ரோடு அன்று, தாம்பரத்துக் கல்லூரி வளாகம். அவ்வுலகில் இன்றும் அம்மாநாடு 'தாம்பரம்' என்றே குறிக்கப்படுகிறது. ஊர்ப் பெயரே வரலாறானது அப்படி.

பின்வந்தவை விரைவில் சொல்லத்தக்கவை. 1970-களில் கொழும்பைச் சேர்ந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா விடுதியைத் திருத்தியமைத்தார். போட் மெயிலின் தனுஷ்கோடிப் பாதையை 1964-இன் புயல் விழுங்கிவிட்டதால், அவர் தாம்பரம் வழியாக வந்திருக்க மாட்டார்! 1984 முதல் தாஜ் குழுமம் விடுதியை நடத்தி வருகிறது. அண்மையில் மூடிப் புதுப்பித்து 2018-இல் திறந்தனர்.

விடியற்காலை எழுந்து தாழ்வாரத்தில் நடந்தேன். துடைப்பான் கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வணங்கினார். எந்த ஊர் என்று கேட்டேன். "வண்டலூர்ங்க. முதல் வண்டிக்கு வந்துடுவேன்" என்றார். நானும் தாம்பரந்தான் என்றதும் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்படிங்களா!" என்று முகம் மலர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக வெவ்வேறு விடுதிகளில் துப்புரவுப் பணி செய்வதாகவும், ஓர் இரவும் எந்த விடுதியிலும் படுத்ததில்லை என்றும், அதைக் குறையாகச் சொல்லாமல் வேலை நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். இருவரும் கோடம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் இடையே இரயில் நிற்கும் நேரத்தைப் பற்றிச் சிறிது பேசினோம்.

நண்பகல் அறையை ஒப்படைத்துவிட்டு, எழும்பூர் சென்று, மின்சார இரயிலில் வீடு திரும்பினோம். கைப்பையுடன் தெருவில் நுழைகையில் எதிர்வீட்டு ஆசிரியர் வழிமறித்தார்.

"ரெண்டு நாளா ஆளையே காணோமே சார்?"

"கன்னிமாராவுக்குப் போயிருந்தேன்" என்றேன்.

அவர் கண்கள் என் கைப்பையின் மேல் சென்றன. "என்ன புத்தகம் சார் எடுத்துட்டு வந்தீங்க?"