டெலவேர் கரையில் உரமான உயிர்

அமெரிக்காவின் கிழக்கே, நியூ ஜெர்சிக்கும் டெலவேருக்கும் நடுவில் உள்ளது டெலவேர் விரிகுடா. மே, ஜூன் மாதங்களில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் ஏறும் இரவுகளில், குதிரை லாட நண்டுகள் அங்கே முட்டையிடக் கரையேறுகின்றன. இவ்வளவு பெருந்திரளாக அவை கூடும் இடம் உலகில் வேறில்லை. 1850கள் முதல் 1920கள் வரை அந்தக் கரையில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை பிடிக்கப்பட்டன. காயவைத்து, பொடியாக அரைத்து, வயலுக்கு உரமாக்கினார்கள். பன்றிக்கும் கோழிக்கும் தீனியாகப் போட்டார்கள். மதில் எழுப்பியதுபோல அவற்றைக் கரையில் அடுக்கி வைத்திருக்கும் அந்நாளைய புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. இந்த அழிவுக்குப் பேராசையை மட்டும் குற்றம் சொன்னால் போதாது. இது எத்தகைய உயிர் என்று கேளாமல், கரையில் தெரிந்த கூட்டத்தை வைத்தே கடலின் இருப்பைக் கணக்கிட்டதுதான் அடிப்படைத் தவறு என்பேன்.

இது நண்டே அல்ல. நண்டுக்கு உணர்கொம்புகள் உண்டு, இதற்கு இல்லை. வாயின் முன்னே சிலந்திக்கும் தேளுக்கும் இருப்பது போன்ற சிறு இடுக்கிகள்தான் உள்ளன. ஏடு ஏடாக அடுக்கிய இதன் செவுள்களைத் தேளின் நுரையீரலோடு ஒப்பிட்டு, இது சிலந்தி, தேள் வகையின் உறவு என்று 1881இல் விரிவாக வாதிட்டார் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ரே லங்கெஸ்டர். இதன் முன்னோரின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 44 கோடியே 50 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. டெலவேரின் கதைக்கு இவற்றைவிட முக்கியமான செய்தி, இது பருவமடைய ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடிக்கும் என்பது. அதற்குள் சுமார் பதினேழு முறை ஓடு கழற்ற வேண்டும். ஆக, ஒரு வசந்தத்தில் கரையேறும் கூட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கடலில் சேர்ந்த முதல். அதை ஓர் ஆண்டின் விளைச்சலாக எண்ணி அள்ளினார்கள்.

ஒரு பெட்டை ஒரே பருவத்தில் சுமார் 80,000 முட்டை இடுகிறதே, இழப்பை ஈடுகட்ட முடியாதா என்று கேட்கலாம். அந்த முட்டைகளில் மிகமிகச் சிலவே வளர்ந்து கரை திரும்புகின்றன. எத்தனையோ பேரழிவுகளைத் தாண்டிய இனம் நம்மையும் தாண்டிவிடாதா என்பது இன்னொரு கேள்வி. இதற்கு வரலாறே விடை தருகிறது. செயற்கை உரம் மலிவாகி, பிடிக்க நண்டும் அருகி, உரத்தொழில் ஓய்ந்த பிறகே எண்ணிக்கை மீண்டது. அதற்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன. மீண்டதும் அடுத்த வேட்டை தொடங்கியது. விலாங்கு மீனுக்கும் கடல் நத்தைக்கும் வைக்கும் கூண்டுகளில் இரையாக, குறிப்பாக முட்டை நிறைந்த பெட்டைகளைத் தேடிப் பிடித்தார்கள். 1990களின் இறுதியில் கிழக்குக் கரை முழுவதிலுமாக ஆண்டுப் பிடிப்பு இருபது லட்சத்தைத் தாண்டியது. தென்னமெரிக்காவின் தென்கோடியிலிருந்து ஆர்க்டிக் போகும் ரெட் நாட் என்னும் உள்ளான் வகைச் சிறு பறவை, வழியில் இந்த முட்டைகளைத் தின்றுதான் உடல் தேற்றிக்கொள்ளும். முட்டை குறைந்ததும் அதுவும் சரிந்தது. பிடிப்புக்கு வரம்பு கட்டும் திட்டம் 1998இல்தான் வந்தது. நியூ ஜெர்சி 2008இல் பிடிப்பையே தடைசெய்தது.

மருத்துவத்தின் பெயரால் வரும் மறுப்பு இவற்றைவிடக் கனமானது. இந்த உயிரின் ரத்தம் செம்பு கலந்த நீலம். பாக்டீரியா நஞ்சு சிறிதளவு பட்டாலும் அது உறைந்துவிடும் என்று 1956இல் ஆய்வாளர் ஃபிரெடெரிக் பேங் எழுதினார். பின்னர் ஜாக் லெவினுடன் சேர்ந்து அதை ஒரு சோதனையாக வளர்த்தார். ஊசி மருந்தைச் சோதிக்க முயல்களை வதைப்பது அதனால் குறைந்தது. எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. இந்தப் பயனை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ரத்தம் எடுத்துவிட்டுக் கடலில் விட்டுவிடுகிறோமே என்றால், விடப்பட்டவற்றில் நூற்றுக்குப் பதினைந்து சாகின்றன என்பது பிடிப்புக்கு வரம்பு கட்டிய மீன்வள ஆணையமே கொள்ளும் மதிப்பீடு. சில ஆய்வுகள் முப்பது வரை சொல்கின்றன. மாற்றும் கையில் இருக்கிறது. சிங்கப்பூரில் டிங் ஜியாக் லிங், ஹோ போ என்னும் ஆய்வாளர்கள் இருவரும் அந்த ரத்தத்தில் நஞ்சை உணரும் புரதத்தின் மரபணுவைப் பிரித்து, ஆய்வகத்திலேயே அதை உருவாக்க வழி கண்டார்கள். ஐரோப்பிய மருந்துத் தரநூல் 2021 முதலும் அமெரிக்கத் தரநூல் 2025 மே முதலும் இந்த முறைக்கு இடம் தருகின்றன. வேறு வழியில்லை என்று சொல்லி ரத்தம் எடுத்த காலம் முடிந்துவிட்டது. மருந்து நிறுவனங்கள் இனியும் தாமதிக்காமல் மாற வேண்டும்.