ஒத்தக்கடைத் தகடும் வேள்விக்குடிச் செப்பேடும்

மாமா வாட்ஸப்பில் ஒரு பித்தளைத் தகட்டின் படத்தை அனுப்பியிருந்தார். ஒரு சாண் அகலம். நடுவில் தாமரைமேல் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, ஓரமெல்லாம் கொடிவேலை. கூடவே ஒரு குரல் செய்தி. "மாப்ள, பரண்ல கெடந்துச்சு. திருமலை நாயக்கர் நம்ம பாட்டனுக்குக் குடுத்ததுன்னு அம்மா சொல்லும். எந்தக் காலத்துதுன்னு பாத்துச் சொல்லு. ஒரு ஆளு ரெண்டு லட்சம்ங்கிறான். மொதல்ல அரிசிய இழுக்குதான்னு டெஸ்ட் பண்ணணுமாம்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் அன்று ராத்திரியே பெங்களூரில் பஸ் ஏறிவிட்டேன். பழைய உலோகம் அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டில் கோடிக்கணக்கில் போகும் என்று சொல்லி, 'சோதனைச் செலவு'க்கு முன்பணம் பிடுங்குவது நம் ஊரில் ரொம்ப நாளாக நடக்கும் மோசடி. மாமாவுக்குப் பணத்தேவை வேறு இருந்தது. பங்காளியோடு வரப்புத் தகராறு, கேஸ் கோர்ட்டில்.

மாமா வீடு மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையில். மொட்டைமாடியில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். அதன் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. ஓர் உலோகத் தகட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் அந்தப் பாறையில்தான் இருக்கிறது.

தகடு என்று நான் சொல்வது வேள்விக்குடிச் செப்பேட்டை. பத்து ஏடுகள், 155 வரிகள். வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில் வெட்டியது. எது எதிலிருந்து மூன்றாவது? அதுதான் சிக்கல். ராஜா எப்போது பட்டமேறினான் என்று தெரியாதவரை 'மூன்று' என்பது வெறும் எண். பூஜ்ஜியம் எங்கே என்று சொல்லாத ஒரு ஸ்கேல்.

செப்பேட்டின் ஆணத்தி, அதாவது அரசாணையை நிறைவேற்றும் அதிகாரி, கரவந்தபுரத்து வைத்திய குலத்தைச் சேர்ந்த மாறன் காரி. இதே ஆள் யானைமலையில் வருகிறார். நரசிங்கர் குடைவரையைச் செய்வித்தவர் அவர்தான். முடித்து நீர் தெளிப்பதற்குள் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்குச் செய்தார் என்கிறது தமிழ்க் கல்வெட்டு. பக்கத்து வடமொழிக் கல்வெட்டில் கலியாண்டு 3871 என்று எண் இருக்கிறது. நம் கணக்கில் கி.பி. 770. ஆக, செப்பேடும் அதையொட்டிய ஆண்டுகளில் வெட்டியதாகத்தான் இருக்க வேண்டும். செம்பைச் சுரண்டிப் பார்த்துக் கிடைத்த விடை இல்லை இது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தது, அவ்வளவுதான். டேட்டாபேஸில் இரண்டு டேபிளை ஜாயின் செய்து பழகியவர்களுக்குப் புல்லரிக்கும்.

செப்பேட்டின் வேலை என்ன? நிலப் பத்திரம். கூடல் மாநகரில் அரசன் போகும்போது ஒருவர் உரக்க முறையிடுகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பழைய பாண்டியன், கொற்கைகிழான் நற்கொற்றனின் வேள்விக்காகக் கொடுத்த ஊர் வேள்விக்குடி. நடுவில் களப்பிரர் பறித்துக்கொண்டார்கள். திருப்பித் தர வேண்டும். முறையிட்டவர் நற்கொற்றன் வழிவந்த காமக்காணி நற்சிங்கன். அரசன் சிரித்துவிட்டு, பழைய உரிமை என்பதை நாட்டார் சாட்சியோடு நிறுவிவிட்டு எடுத்துக்கொள் என்கிறான். அவரும் அங்கேயே அப்போதே நிறுவுகிறார். மூல ஓலை எதையும் காட்டியதாகச் செப்பேட்டில் இல்லை.

நான் அடிக்கடி யோசிக்கிற இடம் இது. செம்புக்கு வயது எட்டாம் நூற்றாண்டு. அது சொல்லும் கதைக்கோ அதைவிடப் பல நூற்றாண்டு அதிகம். களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கு முக்கியமான சான்றுகளில் ஒன்று இந்தப் பத்திரம்தான். நிலத்தைத் திரும்பக் கேட்டவர் தரப்பு வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் யாரும் ஆஜராகவில்லை.

மாமாவின் தகட்டைக் கையில் வாங்கினேன். தகடு எங்கும் ஒரே கனம். இயந்திரத்தில் உருட்டிய ஷீட். இரண்டு யானையும் அச்சு அசல் ஒன்றின் பிரதிபலிப்பு. கைச்சுத்தியால் தட்டி எழுப்பியிருந்தால் எங்காவது ஒரு மயிரிழை மாறியிருக்கும். இது டையில் அழுத்தியது. நாயக்கர் காலத்துக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் எந்தக் காலம்? எதற்கு? நான்கு மூலையிலும் ஆணி ஓட்டை. பின்பக்கம் பச்சைப் பெயின்ட் துணுக்கு.

"அந்தப் பச்சை பழைய வாசக்கால் பெயின்ட்டுல்ல?" என்றாள் அத்தை. அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டை இடித்துக் கட்டியபோது கழற்றிய வாசல்கால் மாட்டுக்கொட்டகையில் சாத்தியிருந்தது. மேல்கட்டையில் நான்கு ஓட்டைகள். வைத்துப் பார்த்தோம், நான்கும் சரியாக உட்கார்ந்தன. பழைய வீட்டு முகப்பில் சுதையில் 1934 என்று எழுதியிருந்தது மாமாவின் கல்யாண போட்டோவில் தெரிகிறது. நிலைக்கு மேல் லட்சுமி இருக்கட்டும் என்று வீடு கட்டியவர் கடையில் வாங்கி அடித்த தகடு.

சட்டப்படி இது தொல்பொருளும் இல்லை என்று மாமாவிடம் சொன்னேன். 1972-ம் வருஷத்துச் சட்டத்தில் நூறு வருஷம் கேட்கிறார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. நாயக்கர் போனதைவிட ரெண்டு லட்சம் போனதுதான் வலித்திருக்கும். அந்த ஆளுக்கு முன்பணமாக இருபதாயிரம் எடுத்துவைத்திருந்ததை அத்தைதான் அப்புறம் சொன்னாள்.

சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து யானைமலையைக் காட்டி, மாறன் காரி கதையைச் சொன்னேன். நற்சிங்கன் முறையிட்ட இடத்தில் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தச் செப்பேட்டுல நாலு எல்லையும் போட்டுருக்கா?"

"போட்டுருக்கு மாமா."

"சாட்சி சொல்ல ஆளு வந்தாய்ங்களா?"

"வந்ததாத்தான் எழுதியிருக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மேலத்தெருவில் எண்பத்தஞ்சு வயசில் ஒரு பெரியவர் இருக்கிறார், அந்த வரப்பைப் போட்டதே அவர்தான், காலையில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். கீழே அத்தை புளி போட்டுத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.