ஒரே மெட்டு, மூன்று பாட்டு

எனக்கு அப்போது எட்டு வயது. நியூ ஜெர்சியில் எடிசனில் இருந்தோம். பள்ளியில் 'மை கண்ட்ரி, டிஸ் ஆஃப் தீ' என்ற அமெரிக்க தேசபக்திப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை சங்கீத வகுப்பில் மாமி ஒரு புதுப் பாட்டை ஆரம்பித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்'. இரண்டாவது வரிக்குள் கண்டுபிடித்துவிட்டேன். அதே மெட்டு!

மறுநாள் பள்ளியில் பெருமையாகப் பாடிக் காட்டினேன். பக்கத்திலிருந்த பையன், "எங்க பாட்டைத் திருடிட்டீங்க" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்பா, தீட்சிதர் காப்பி அடிச்சாரா?" என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை.

பெரியவனான பிறகுதான் தேட ஆரம்பித்தேன். நீங்களும் என்னோடு வாருங்கள், ஒவ்வொரு பாட்டாகப் பின்னோக்கிப் போவோம்.

முதலில் அமெரிக்கப் பாட்டு. 1808-இல் பிறந்த சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித், சமயக் கல்லூரி மாணவராக இருந்தபோது 1831-இல் இதை எழுதினார். ஒரு ஜெர்மன் பாட்டுப் புத்தகத்தில் பார்த்த மெட்டு பிடித்துப்போய், அதற்குச் சொற்களைப் போட்டார். அந்த வருடம் ஜூலை 4 அன்று பாஸ்டனில் பார்க் தெரு தேவாலயத்தில் குழந்தைகள் அதை முதன்முதலாகப் பாடினார்கள். ஆக, அமெரிக்கர்களுக்கும் அது இரவல் மெட்டுதான்!

அடுத்து தீட்சிதர். 1775-இல் திருவாரூரில் பிறந்தவர். அவர் சிறுவயதில் இருந்தபோது, குடும்பம் சென்னைக்கு அருகே மணலிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பத்துக்கு ஆங்கிலேயரோடு நெருங்கிய பழக்கம் உண்டு. அதனால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பேண்டு வாசிப்பதைத் தீட்சிதர் கேட்டார், அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார் என்று சொல்வார்கள். அவைதான் நோட்டுஸ்வரங்கள். சுமார் 40 இருக்கின்றன. சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல் நேராகப் பாட வேண்டியவை.

இது வெறும் செவிவழிக் கதையா? 1833-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. தெலுங்கு அகராதி எழுதிய சி.பி. பிரௌனுக்காகத் தொகுக்கப்பட்டது. அதில் தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. தீட்சிதர் காலமானது 1835-இல். அதாவது, அவர் உயிரோடு இருந்தபோதே இந்தப் பாட்டுகள் அவருடையவை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மணலிக் கதை சரியென்றால் இன்னொரு வேடிக்கை: அவர் மணலியில் இருந்த நாட்களில் ஸ்மித் பிறக்கவே இல்லை!

கடைசியில் பிரிட்டிஷாரின் 'காட் சேவ் தி கிங்'. 1744 வாக்கில் அச்சில் வந்தது. 1745 செப்டம்பரில் லண்டன் டிரூரி லேன் நாடக அரங்கில் பாடியபிறகு புகழ் பெற்றது. அதற்கு மெட்டுப் போட்டவர் யார்? ஜான் புல் என்பார்கள், ஹென்றி கேரி என்பார்கள். இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பிறகு பல நாடுகள் அதே மெட்டை எடுத்துக்கொண்டன. லிக்டன்ஸ்டைன் நாட்டின் தேசிய கீதத்துக்கு இன்றும் அதே மெட்டுதான்.

ஆக, "எங்க பாட்டு" என்று அந்தப் பையனாலும் சொல்ல முடியாது, லண்டன்காரராலும் சொல்ல முடியாது.

தேடும்போது இன்னொன்றும் புரிந்தது. ஆங்கிலப் பாட்டு, "கடவுளே, அரசரைக் காப்பாற்று" என்று வேண்டுகிறது. 'சந்ததம் பாஹிமாம்' என்றால் "எப்போதும் என்னைக் காப்பாற்று" என்று பொருள். தீட்சிதர் வேண்டுவது சங்கீதத்துக்கே தெய்வமான சியாமளையிடம். அதே மெட்டு, அதே வேண்டுதல், ஆனால் அரசர் மட்டும் இல்லை! பொருள் தெரிந்துதான் தீட்சிதர் இப்படி எழுதினார் என்றே எனக்குப் படுகிறது. காப்பி அடிப்பவர் இவ்வளவு யோசிப்பாரா?

இன்று நோட்டுஸ்வரங்கள் அமெரிக்காவுக்கும் வந்துவிட்டன. சின்சினாட்டியில் வாழும் இசையமைப்பாளர் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன், இவற்றை மேற்கத்திய வாத்தியங்களோடு 'விஸ்மயா' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார். கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வகுப்பிலும் யாராவது "திருடிட்டீங்க" என்று சொன்னால், என்னைப் போல வாயடைத்து நிற்காதீர்கள். "இந்த மெட்டை முதலில் போட்டது யார் தெரியுமா?" என்று கேளுங்கள். பிறகு இரண்டு பாட்டையும் சேர்ந்தே பாடுங்கள். மெட்டு கச்சிதமாகப் பொருந்தும்!