வாயில்லா உயிர்களின் வழக்கு



வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், அமிர்தி என்னும் சிற்றூர் இருக்கிறது. காடும் ஓடையும் சூழ்ந்த அவ்விடத்தில் 1967-ஆம் ஆண்டு ஒரு சிறிய விலங்குக் காட்சிசாலை தோன்றியது. எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் அமிர்திதான். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் ஒரு வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். அன்று நிகழ்ந்த ஒரு சிறு செய்தியே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

முதலை ஒன்று அசையாமல் வெயிலில் படுத்துக் கிடந்தது. அது உயிருள்ளதா, வெறும் பொம்மையா என்று பிள்ளைகளுக்குள் வாதம் எழுந்தது. வாதத்தைத் தீர்க்க ஒரு மாணவன் கூழாங்கல் ஒன்றை எடுத்து வீசினான். கல் அதன் தாடையில் பட்டது. நான் அருகிலிருந்த புதரில் ஒரு குச்சியை ஒடித்து அவன் உள்ளங்கையில் இரண்டு அடி வைத்தேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவன், "அதற்கு வலிக்குமா, சார்? அதன் தோல் அவ்வளவு தடிப்பாயிற்றே?" என்று கேட்டான். "வாயை மூடு" என்றேன். கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்திருக்கும் இந்நாளில் அக்கேள்வி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதற்கு விடை காண வேண்டுமானால் வரலாற்றின் துணை வேண்டும்.

உயிர்களிடத்து இரக்கம் என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அன்று. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட அசோகர், மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைத் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில் பொறித்தார். அவ்வசதி சென்ற நாடுகளின் பட்டியலில் சோழ நாடும் பாண்டிய நாடும் உள்ளன. பட்டம் ஏற்று 26 ஆண்டுகள் கழிந்தபின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்திலோ, கொல்லக்கூடாத உயிர்களின் பெயர்களையே வரிசைப்படுத்தியிருக்கிறார். காரணமின்றிக் காட்டை எரிக்கலாகாது என்பதும் அதில் அடங்கும்.

நம் தொண்டை நாட்டையே பாருங்கள். வள்ளிமலையிலும், போளூருக்கு அருகிலுள்ள திருமலையிலும், ஆம்பூர் வட்டாரத்து ஆர்மாமலைக் குகையிலும் சமண முனிவர்கள் வாழ்ந்த சுவடுகள் இன்றும் உள்ளன. எறும்புக்கும் தீங்கு நேராது நடக்க வேண்டும் என்று போதித்த அறவோர், இன்று தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற இதே பாலாற்றுப் பகுதியின் குன்றுகளில்தான் தங்கியிருந்தனர். திருவள்ளுவரும் அருளுடைமை, புலால் மறுத்தல், கொல்லாமை ஆகியவற்றுக்குத் தனித்தனி அதிகாரங்களே வகுத்தார்.

இவற்றினும் என் நெஞ்சைத் தொட்ட சான்று ஒன்று உண்டு. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல், ஆநிரைக்காகப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நடப்பட்டது. வீரனோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்தது என்றும் கல்வெட்டு கூறுகிறது. எத்தனையோ மனிதர்களின் பெயர்கள் மறைந்து போயின. ஒரு நாயின் பெயரோ 1,300 ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் நிலைத்திருக்கிறது. நன்றி மறவாத அவ்வூரார் அதனை ஓர் உடைமையாகக் கருதவில்லை. தம்முள் ஒருவராகவே கருதினர்.

இத்தகைய மரபு உடைய நாட்டில் கொடுமை இல்லாமற் போயிற்றா? இல்லை. அறநூலில் இருப்பது வேறு, தெருவில் நடப்பது வேறு. என் இளமையில் பாரவண்டிகள் எங்கள் ஊர் வழியே இரவும் பகலும் சென்றன. மேட்டில் ஏறத் திணறும் காளையின் வாலை முறுக்குவதும், ஆணி செருகிய தாற்றுக்கோலால் குத்துவதும் அன்றாடக் காட்சிகள். நாங்கள் அவற்றைக் கண்டு வருந்தியதாகவே எனக்கு நினைவில்லை. பழகிய கொடுமை கண்ணுக்குத் தெரியாது.

அதனை எனக்குக் காட்டியவர் ஒரு தோல் தரம் பிரிப்பவர். அவர் என் மாணவன் ஒருவனின் தந்தை. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். நான் அவரைப் 'பாய்' என்று அழைப்பேன். பதனிட்ட தோல் ஒன்றை மேசைமேல் விரித்து அவர் விளக்கினார்: "இதோ பாருங்கள் சார், இது நுகத்தடி அழுத்திய காய்ப்பு. இது சூட்டுக்கோல் தழும்பு. இந்தப் புள்ளிகள் தாற்றுக்கோல் குத்தியவை. இது உண்ணி கடித்தது. மாடு வாயால் சொல்லாது, தோல் சொல்லிவிடும்." அத்தழும்புகளால் தோலின் தரமும் குறையும், விலையும் குறையும் என்றார். ஒரு மாட்டின் வாழ்நாள் வரலாற்றை அவர் ஏடு படிப்பதுபோல் படித்தார். வரலாறு கற்பித்த எனக்கு அன்று ஒரு புதிய ஆவணம் அறிமுகமாயிற்று.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் அறிஞர் பெந்தம் ஒரு கேள்வி எழுப்பினார். விலங்குக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பது பொருட்டன்று. அது துன்பத்தை உணருமா என்பதே பொருட்டு என்றார். என் மாணவன் அமிர்தியில் கேட்டதும் அதுவேயன்றோ! 1822-இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்பவரின் முயற்சியால் மாடு, குதிரை, ஆடு முதலியவற்றைக் கொடுமையாக நடத்துவதைத் தடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. இரண்டு ஆண்டுகளில் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் லண்டனில் பிறந்தது. அதனைப் பின்பற்றி 1861-இல் கல்கத்தாவிலும் ஒரு சங்கம் அமைந்தது. 1890-இல் இந்தியா முழுமைக்குமான பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆயினும் அது பெரும்பாலும் தெருவிலும் பொது இடத்திலும் நடக்கும் கொடுமையையே நோக்கியது. நாற்சுவருக்குள் நடப்பதை அதன் கை எட்டவில்லை.

விடுதலைக்குப் பின் இக்குறையைப் போக்க முன்வந்தவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி. மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலை நீங்கள் கலாக்ஷேத்திரத்தின் நிறுவனராக அறிவீர்கள். 1952-இல் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கலைக்காக அழைக்கப்பட்ட அவர், அங்கே வாயில்லா உயிர்களுக்காகப் பேசினார். தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். பிரதமர் நேரு அக்கருத்தை வரவேற்று, அரசே சட்டம் கொணரும் என்று உறுதி கூறியதன்பேரில் அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். குழு அமைந்தது; ஆய்வு நடந்தது; 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராக ருக்மிணி தேவியே பொறுப்பேற்றார். அவ்வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கி, 2018-இல் அரியானாவுக்கு மாற்றப்பட்டது.

அச்சட்டம் சொல்வது என்ன? விலங்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனைக் காக்கவும், அதற்கு வேண்டாத வலி நேராது தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. அடித்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், புண்பட்டதை வேலை வாங்குதல், துன்புறும் வண்ணம் ஏற்றிச் செல்லுதல், உடலை அசைக்கவும் இடமற்ற கூண்டில் அடைத்தல், உணவும் நீரும் தராது விடுதல் ஆகியன குற்றங்கள். 1965-ஆம் ஆண்டு விதிகள் பாரம் இழுக்கும் மாட்டை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கலாகாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டலாகாது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கென்றே எழுதியது போன்ற விதி இது! 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது.

பின்னர் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் செய்த 42-ஆவது திருத்தம், உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கியது. விலங்குக் காட்சிசாலைகளைக் கண்காணிக்க 1992-இல் மத்திய ஆணையம் அமைந்தது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வேடிக்கை காட்டப் பழக்கக்கூடாது என்று 1998-இல் அரசு அறிவித்தது. அதனை 2001-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எங்கள் மாவட்டத்து எருது விடும் விழாவும் இவ்வரலாற்றில் இடம் பெறும். ஜல்லிக்கட்டை ஒட்டி 2014-இல் தடை வந்தது. 2017-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் செய்து விதிகளோடு அனுமதித்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. விழா நடக்கலாம், ஆனால் காளையைத் துன்புறுத்தலாகாது என்பதே முடிவின் சாரம்.

இவ்வளவு சட்டம் இருந்தும் கொடுமை ஏன் நிற்கவில்லை? ஒரு காரணம் வெளிப்படை. 1960-இல் முதல் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 50 ரூபாய் வரை. அன்று அது ஒரு தொகை. இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது. விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் நம் தண்டனைச் சட்டத்தில் கடுமையான தண்டனை உண்டு என்பது உண்மையே. ஆனால் அன்றாடக் கொடுமைகளுக்கு உரிய தண்டனை அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய விலையிலேயே நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோலை நம்பி வாழும் ஊர்களில் நின்றுகொண்டு நீர் இதைப் பேசலாமா? அத்தொழிலாளர் பிழைப்பு என்னாவது?" நியாயமான கேள்வி. என் மாணவர்களிற் பலர் அத்தொழிற்சாலைகளின் ஊதியத்தால் படித்தவர்கள். அக்குடும்பங்களை நான் குறை கூறேன். சட்டமும் உணவுக்காகக் கொல்வதைத் தடுக்கவில்லை. வேண்டாத வலியையே தடுக்கிறது. நீரும் நிழலுமின்றி நெடுந்தொலைவு நடத்தப்படும் மாட்டின் துன்பத்தால் தோலுக்கு மெருகு கூடுவதில்லை; கெடுதலே கூடுகிறது. இந்நாட்டில் மாடுகளைக் கொண்டு செல்லும் முறையைக் காரணம் காட்டி, 2000-ஆம் ஆண்டளவில் வெளிநாட்டு வணிக நிறுவனங்கள் சில இந்தியத் தோலை வாங்க மறுத்தன. அப்போது கொடுமையின் விலையைக் கொடுத்தவர் யார்? கொடுமை செய்தவர் அல்லர். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த ஏழைத் தொழிலாளியின் பிழைப்புக்கே அச்சம் நேர்ந்தது. ஆதலால் இரக்கமும் பிழைப்பும் பகையென்று எண்ண வேண்டா. பாய் எனக்குக் காட்டிய தோலும் அதையே கூறிற்று.

வண்டிக்காரரின் வறுமையையும் நாம் மறத்தலாகாது. கடன்காரன் துரத்த, அவர் காளையைத் துரத்துகிறார். அவரை வைது பயனில்லை. பாரத்தைக் குறைக்க வழி செய்வதும், கால்நடை மருத்துவமனையை எட்டச் செய்வதும், தெருமுனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவதும் நூறு வசவினும் மேலானவை.

மாணவச் செல்வங்களே, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்குத் திரும்புகிறேன். முதலைக்கு வலிக்குமா? அதன் தாடையைச் சுற்றிக் கரும்புள்ளிகள் போன்ற நுண்ணிய உணர்வுறுப்புகள் உள்ளன. அவை மனிதனின் விரல் நுனியைக் காட்டிலும் கூரிய தொடுவுணர்ச்சி உடையவை என்று 2012-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. தடித்த தோல் என்று நாம் எண்ணியது அவ்வளவு மென்மையானது! அன்று எனக்கு இது தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்ட பிள்ளையை அடித்தேன். முதலைக்காக இரங்குவதாக எண்ணிக்கொண்டு, என்னிலும் எளிய ஓர் உயிரை நானும் நோகச் செய்தேன். வலியவன் எளியவன்மீது கை ஓங்குவதே கொடுமையின் வேர். கையில் இருப்பது தாற்றுக்கோலாயினும் ஆசிரியரின் குச்சியாயினும் அவ்வேர் ஒன்றே.

அதன்பின் நான் பிரம்பைத் தொட்டதில்லை என்று சொல்ல ஆசைதான். அது உண்மையாகாது. அதை முற்றிலும் விட எனக்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டா. அமிர்திக்குப் போனால் கூண்டருகே சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள். முதலை தானே அசையும். அதுவரை காத்திருக்கும் பொறுமையே நீங்கள் அதற்குச் செய்யும் முதல் உதவி.