வயிற்றுக்குள் போகாமல் வயிற்றைப் பார்த்த கதை

1960களில் ஜப்பான் கிராமங்களுக்கு ஒரு பஸ் வரும். உள்ளே எக்ஸ்ரே மெஷின். ஊர்க்காரர்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று, சுண்ணாம்புக் கரைசல் மாதிரியான பேரியத்தைக் குடித்துவிட்டு, மேடையில் புரண்டு புரண்டு படுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த நாட்டில் அப்போது உயிர் குடித்த புற்றுநோய்களில் முதலிடம் இரைப்பைப் புற்றுக்கு. 1983ல் இந்தப் பரிசோதனை நாடு முழுவதுக்குமான திட்டமானது.

நல்ல திட்டம்தான். ஆனால் சிலரைக் கண்டுபிடிக்க ஊரே பேரியம் குடிக்க வேண்டியிருந்தது! யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்தால்?

வழி காட்டியது பெப்சினோஜன். இரைப்பைச் சுவரில் சுரக்கும் இது, அமிலம் பட்டதும் பெப்சினாக மாறிப் புரதத்தைச் செரிக்க வைக்கும். துளியளவு இரத்தத்திலும் கசியும். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை இரைப்பையின் மேல், நடுப் பகுதிகளில் மட்டும் சுரக்கும். இரண்டாம் வகை இரைப்பை முழுக்கச் சுரக்கும். நாள்பட்ட அழற்சியால் சுவர் தேய்ந்துபோனால் முதல் வகை சரிந்துவிடும், இரண்டாவது அவ்வளவாகக் குறையாது. புற்று பெரும்பாலும் முளைப்பது அந்தத் தேய்ந்த சுவரில்தான். ஆக இரண்டின் விகிதமே சுவரின் நிலையைச் சொல்லிவிடும். 1982ல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் சாம்லாஃபின் குழு இந்தத் தொடர்பைக் காட்டியது. ஜப்பானில் கசுமாசா மிகி அதைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார். முதல் வகை மில்லிலிட்டருக்கு 70 நானோகிராம் அல்லது குறைவு, விகிதம் 3 அல்லது குறைவு: இரண்டும் சேர்ந்தால் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அதே 1982ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். சுவரைத் தேய்க்கும் முக்கியக் குற்றவாளி அதுதான். 2001ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், கிருமி இருந்த 1246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

இரண்டு சோதனைகளையும் சேர்த்து மக்களை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். ஏ பிரிவில் கிருமியும் இல்லை, தேய்மானமும் இல்லை. பி பிரிவில் கிருமி மட்டும். சி பிரிவில் இரண்டும். வேடிக்கை டி பிரிவில்தான். தேய்மானம் உண்டு, கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இல்லை. அப்பாடா என்று மூச்சு விட முடியாது. கிருமியே குடியிருக்க முடியாத அளவுக்குச் சுவர் பாழாகிவிட்டது என்று பொருள்! அதிக ஆபத்து இவர்களுக்குத்தான் என்று தொடர் ஆய்வுகள் சொல்லின.

இவ்வளவு இருந்தும் ஜப்பானின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்த இரத்தச் சோதனையைப் பொதுத் திட்டத்துக்குப் பரிந்துரைக்கவில்லை. எக்ஸ்ரேக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் பச்சைக்கொடி கிடைத்தது. ஆபத்தைக் கணிப்பது வேறு, மரணத்தைக் குறைப்பது வேறு. இரண்டாவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். கறாரான வாதம்தான், ஆனால் நியாயமானது.

இன்னொரு சிக்கலும் கிளம்பியது. 2013ல் கிருமியால் வரும் இரைப்பை அழற்சிக்கான சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்த்ததும் ஏராளமானோர் மருந்து சாப்பிட்டுக் கிருமியை ஒழித்தார்கள். அதன் பிறகு இரத்தம் எடுத்தால் பலருக்கு முடிவு 'ஏ' என்று வந்தது. ஆனால் பழைய தேய்மானம் சுவரில் அப்படியேதான் இருந்தது. ஆபத்து குறைந்திருந்தாலும் பூஜ்யமாகிவிடவில்லை. பத்திரமானவர் என்ற சீட்டோடு வீட்டுக்குப் போனவர் அடுத்த எண்டோஸ்கோப்பிக்கு வருவாரா? அதனால் கிருமி ஒழிப்பு சிகிச்சை எடுத்தவர்களுக்காக ஈ என்று ஐந்தாவது பிரிவு வந்தது. அதில் சேர்வதை முடிவு செய்வது இரத்தம் அல்ல. "முன்பு மருந்து சாப்பிட்டீர்களா?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில்தான்.